பாட்டில் வந்தது, கை வரவில்லை

பாரீஸ் நகரத்தில் 1800களின் தொடக்கத்தில் குடல் கழுவிப் பிழைத்த சனங்கள் இருந்தார்கள். ஆட்டுக்குடலையும் மாட்டுக்குடலையும் வாங்கிவந்து, கொழுப்பை வழித்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்சவ்வு அழுகிக் கழன்று வரும்வரை நாள்கணக்கில் விட்டுவைப்பார்கள். பிறகு கையை விட்டு உருவி எடுத்து முறுக்கிக் காயவைத்தால் வயலினுக்கு நரம்பு. ஊதிக் காயவைத்தால் இறைச்சி அடைக்கிற உறை. அழுகினால்தான் தொழில். நாற்றம் தெருக்கோடியைத் தாண்டிப் போகும். வயலின் கேட்கிறவனுக்கு அந்த நாற்றம் தெரியாது, இசை மட்டும்தான் தெரியும். குடல் கொட்டடி மட்டும் ஊருக்குள் இருக்கக் கூடாது. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை?

அழுகவிடாமலே சவ்வைக் கழற்ற வழி சொல்கிறவருக்குப் பரிசு என்று பாரீசிலிருந்த தொழில் வளர்ச்சிச் சங்கம் ஒன்று அறிவித்தது. 1820 வாக்கில் அந்தப் பரிசை வாங்கியவர் அந்துவான் லபராக் என்ற மருந்துக்கடைக்காரர். துணி வெளுப்பதற்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த குளோரின் தண்ணீரைத்தான் அவர் குடல் தொட்டியில் ஊற்றிப் பார்த்தார். நாற்றம் அடங்கியது. சவ்வும் கழன்றது. அதே தண்ணீரைப் பிறகு சவக்கிடங்கு, சாக்கடை, மலக்குழி என்று நாறுகிற இடமெல்லாம் கொண்டுபோனார்கள். 1824இல் பிரான்சின் அரசன் பதினெட்டாம் லூயி செத்தான். உயிரோடு இருக்கும்போதே கால் அழுகிப்போனவன். பிணத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்க முடியவில்லை. லபராக்கைக் கூப்பிட்டனுப்பினார்கள். குடல் தொட்டியில் ஊற்றிய சரக்கின் வகையைச் சேர்ந்த ஒன்றில் துணியை நனைத்து ராஜ உடம்பின் மேல் போர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே அழுகின புண்ணுக்கும் நாள்பட்ட புண்ணுக்கும் அதை ஊற்றுகிற வழக்கம் மருத்துவமனைகளில் வந்துவிட்டது.

கிருமிநாசினியின் கதையைப் பாடப்புத்தகம் 1865இல், ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவரிடமிருந்து தொடங்கும். நான் குடல் கொட்டடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கிருமி என்ற ஒன்று இருப்பது தெரிவதற்கு முன்னாலேயே இந்த மருந்து வந்துவிட்டது. வெளியே இருக்கிறவர்களின் மூக்குக்காக வந்தது. உள்ளே கையைவிட்டு உருவிக்கொண்டிருந்தவனின் கை என்ன ஆயிற்று என்று கேட்டு வரவில்லை. பிறந்தபோது ஒட்டிக்கொண்ட இந்தக் குணம் அப்புறமும் அதைவிட்டு முழுசாகப் போகவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. மாதக்கணக்கில், வருசக்கணக்கில் ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

நம் பக்கத்துக் கதையையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். புண்ணைப் பற்றித் தமிழ் இலக்கியத்தில் நிறைய இருக்கிறது. போரில் பட்டால் விழுப்புண். அதைக் காத்துக் கிடக்கும் மனைவி வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகைத் தூவி, நறும்புகை போட்டு, காஞ்சிப் பண் பாடுகிற காட்சி புறநானூற்றில் உண்டு. வேம்பும் கடுகும் புகையும் அந்தக் காலத்துக் கிருமிநாசினி என்று மேடையில் பெருமை பேசுகிறவர்களும் உண்டு. நீண்ட வெள்ளூசியால் தைத்த தழும்பு பதிற்றுப்பத்தில் வருகிறது. எல்லாம் சரி. சேற்றில் நின்று நின்று உள்ளங்காலில் வந்த புண்ணுக்கு அந்த இலக்கியத்தில் என்ன பேர்? எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருசமும் நான் தேடிப் பார்த்தேன். மார்புப் புண்ணுக்குப் பாட்டு இருக்கிறது, முதுகுப் புண்ணுக்கு அவமானம் இருக்கிறது, உள்ளங்கால் புண்ணுக்கு ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

வடமொழிப் பக்கம் போனால் சுஸ்ருத சம்ஹிதை புண்ணுக்கு அறுபது வகைச் சிகிச்சை சொல்கிறது. கழுவுவது, அறுப்பது, புகை போடுவது, கட்டுவது எல்லாம் அதில் அடக்கம். அறிவு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்த அறிவைக் கையில் வைத்திருந்தவனை மனு எங்கே வைத்தார்? மருத்துவன் கொடுக்கும் சோறு சீழுக்குச் சமம், தின்னாதே என்று நான்காம் அத்தியாயத்தில் விதி எழுதிவைத்தார். சீழைத் தொட்டவன் சீழாகவே ஆகிவிட்டான். சாஸ்திரம் ஓலையில் இருந்தது; கத்தி நாவிதர் கையிலும், பிள்ளைப்பேறு மருத்துவச்சி கையிலும் இருந்தது. நம் ஊர்களில் கட்டியை அறுத்துச் சீழைப் பிதுக்கியது அவர்கள்தான். அவர்களுக்குத் தெருக்கோடியில் வீடு.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததை இந்திய மருத்துவத்தின் பெரிய புரட்சியாகச் சொல்வார்கள். மேல்சாதிக்காரர் பிணத்தைத் தொட்டுவிட்டார்! அந்தக் காலத்து மருத்துவமனைகளில் பிணத்தைச் சுமந்தவர்கள், கிடத்தியவர்கள், கழுவியவர்கள் டோம் சாதியார். அவர்கள் அதற்கு முந்தின நாளும் தொட்டார்கள், மறுநாளும் தொட்டார்கள். அது புரட்சிக் கணக்கில் வராது, கூலிக் கணக்கில்தான் வரும்.

இனி லிஸ்டர். இங்கிலாந்தின் கார்லைல் ஊரில் சாக்கடைக் கழிவை வயலுக்குப் பாய்ச்சும்போது நாற்றம் போக கார்பாலிக் அமிலம் கலந்தார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கிற சரக்கு அது. அந்த வயலில் மேய்ந்த மாடுகளுக்குப் புழுத்தொல்லையும் குறைந்தது என்று பேச்சு வந்தது. கிளாஸ்கோவில் இருந்த லிஸ்டர் காதில் இது விழுந்தது. நொதிப்புக்கும் அழுகலுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று பிரான்சில் பாஸ்டர் எழுதியதையும் அவர் படித்திருந்தார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளியே திறந்த காலோடு 11 வயதுப் பையன் ஒருவன் வந்தான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காலை வெட்டி எறிவதுதான் வழக்கம். கார்பாலிக்கில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் கால் பிழைத்தது. 1867இல் லான்செட் இதழில் எழுதினார். சாக்கடை மருந்து அறுவை அறைக்குள் நுழைந்தது இப்படித்தான். புண்ணுக்குள் ரத்தக்குழாயைக் கட்ட லிஸ்டர் கார்பாலிக்கில் ஊறவைத்துப் பயன்படுத்தியது எதை என்கிறீர்கள்? ஆட்டுக்குடல் நரம்பை. குடல் கழுவினவன் கை இல்லாமல் இந்தக் கதையில் ஒரு அடி நகர முடியாது.

இவருக்கு 18 வருசம் முன்னாலேயே, 1847இல், வியன்னாவில் செம்மல்வைஸ் பிரசவ வார்டில் மாணவர்களை குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார். பிணம் அறுத்த கையோடு பிள்ளைப்பேறு பார்க்க வருவார்கள். அந்த வார்டு வேண்டாம், மருத்துவச்சிகள் பார்க்கிற வார்டுக்கு அனுப்புங்கள் என்று ஏழைப் பெண்கள் கெஞ்சினார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் செத்தார்கள், ஜூனில் 2 பேர். செம்மல்வைஸ் அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் பிண வாடையை அது நன்றாகப் போக்கியது என்பதால்தான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு, கவனிக்க வேண்டும். அவர் மருந்தை நோயாளி மேல் ஊற்றவில்லை. மருத்துவனின் கையில் ஊற்றினார். அசுத்தம் உன் கையில் இருக்கிறது என்று மருத்துவனைப் பார்த்துச் சொன்னார். பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்கவில்லை.

கார்பாலிக் கிருமியைக் கொன்றது, சதையையும் சுட்டது. லிஸ்டர் அறை முழுக்க அதைப் பனிமூட்டம் மாதிரித் தெளித்துக்கொண்டு அறுவை செய்த காலம் ஒன்று உண்டு. அதைச் சிபாரிசு செய்ததற்கு வெட்கப்படுவதாக 1890இல் பெர்லின் மாநாட்டில் அவரே சொல்லிவிட்டார். கத்தியையும் துணியையும் கொதிக்கவைத்தும் ஆவியில் வைத்தும் கிருமி இல்லாமல் ஆக்கிக்கொண்டு அறுக்கிற முறை வந்ததும், அறுவை அறையில் இந்தச் சரக்குகளின் மவுசு குறைந்தது. ஆனால் ஏற்கெனவே அழுகி வருகிற புண்ணுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

முதல் உலகப்போர் அந்தக் கேள்வியை லட்சக்கணக்கில் கொண்டுவந்து கொட்டியது. குண்டுச் சிதறல், அதோடு சட்டைத்துணி, எருப்போட்ட வயல் மண். பிரான்சின் பூலோன் ஊரில் சூதாட்ட மாளிகை ஒன்றை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பின்னால் 1928இல் பென்சிலினைக் கண்டவர். அவர் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, பக்கமெல்லாம் முள்முள்ளாக இழுத்துவிட்டு, கண்ணாடியிலேயே ஒரு புண் செய்தார். போர்ப்புண் அப்படித்தான் பொந்தும் சந்துமாக இருக்கும். அதில் கிருமி கலந்த நீரை நிரப்பிக் கொட்டினார். கிருமிநாசினியை நிரப்பி வைத்துப் பிறகு கொட்டினார். மறுபடி சுத்தமான நிணநீரை நிரப்பி வைத்தார். மறுநாள் பார்த்தால் கிருமி பழையபடி பெருகியிருந்தது. முள்ளின் நுனியில் ஒளிந்திருந்ததை மருந்து எட்டவேயில்லை. எட்டிய இடத்தில் மருந்து முதலில் கொன்றது கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களை. காவல்காரனை அடித்துப்போட்டுவிட்டுத் திருடனைத் தேடுகிற வேலை.

இதே போரில் இன்னொரு முறை ஜெயித்தது. 1915இல் கொம்பியேன் ஊர் மருத்துவமனையில் அலெக்சிஸ் கேரல், ஹென்றி டேகின் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. டேகின் தயாரித்தது நம்ம லபராக் தண்ணீரின் தம்பிதான். ஏறக்குறைய அரை சதவீதக் குளோரின் கரைசல், சதையைச் சுடாத அளவுக்குக் காரம் குறைத்தது. மருந்து இதுதான். ஆனால் முறை என்ன? முதலில் செத்த சதையையும் துணி மண்ணையும் கத்தி வைத்து முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். புண்ணின் ஒவ்வொரு பொந்துக்கும் ஓட்டை போட்ட ரப்பர் குழாய் வைக்க வேண்டும். சுற்றியுள்ள தோல் வேகாமல் இருக்க வாசலின் துணி வைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருதரம், ராத்திரி பகலாக, புதுக்கரைசல் விட வேண்டும். புண்ணின் நீரை எடுத்துக் கண்ணாடியில் தடவி, உருப்பெருக்கியில் கிருமியை எண்ணி, அட்டையில் கோடு போட்டு வர வேண்டும். எண்ணிக்கை விழுந்த பிறகுதான் தைக்கலாம்.

எத்தனை பேருடைய கை, எத்தனை ராத்திரி! கேரல்–டேகின் முறையில் பாதிக்கு மேல் உழைப்பு. அதைச் செய்தது செவிலியர். அந்தச் செவிலியர் பேர் முறையின் பேரில் இல்லை.

அதே 1915இல் எடின்பரோவில் இதைவிட மலிவான ஒன்று செய்தார்கள். பிளீச்சிங் பவுடரும் போரிக் பவுடரும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆளுக்குப் பன்னிரண்டரை கிராம். யூசால் என்று பேர். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அறுவை வார்டில் கிடந்த யாருக்கும் அந்த வாடை மறக்காது. மந்திரி வருகிறார் என்றால் நகராட்சி ஊழியர்கள் தெருவோரம் கோடு போடுகிற அதே பவுடர். இங்கே வந்தபோது அந்த முறையில் எது வந்தது, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். பாட்டில் வந்தது. இரண்டு மணிக்கு ஒருதரம் வருகிற கை வரவில்லை. உருப்பெருக்கி வரவில்லை. செத்த சதையைப் பொறுமையாக எடுக்கிற நேரம் வரவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் இரண்டு பேர் கட்டுக் கட்டினால் நேரத்துக்கு எங்கே போவது? நூறு பேருக்கு இரண்டு பேர் போதும் என்று தீர்மானித்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எங்க பெரியப்பா வாலிபத்திலிருந்து தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. மயிர் கழல தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, உள்ளே இறங்கிப் புரட்ட வேண்டும். உள்ளங்கால் எப்போதும் வெந்துதான் இருக்கும். அம்பதைத் தாண்டியதும் சக்கரை வந்தது, காலில் உணர்ச்சி போனது. பெருவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. வாரத்துக்கு மூணு நாள் ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவேன். பழைய கட்டைப் பிரிப்பது துப்புரவு வேலை செய்கிற அக்கா ஒருத்தர், எங்க பக்கத்துக் காலனி. அப்புறம் கட்டுக் கட்டுகிறவர் வந்து நின்ற வாக்கிலேயே மேலேயிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை ஊத்துவார். பொங்கிக்கொண்டு நுரை வரும். 'மருந்து வேலை செய்யுது பாரு'ன்னு பெரியப்பா எனக்குக் காட்டுவார். அப்புறம் பழுப்பு மருந்து, பஞ்சு, துணி, 'அடுத்து'. காலைக் கையில் பிடித்துப் பார்த்தது அந்த அக்கா மட்டும்தான். அவங்கதான் சொன்னாங்க, 'அண்ணே, காலைக் கீழ ஊணாதீங்கண்ணே.' 'ஊணாம எப்படிம்மா ஷாப்புக்குப் போறது?' பதினொரு மாசம் நுரை பொங்கியது. முதலில் விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே போனது.

அந்த நுரை என்ன? ரத்தத்திலும் சதையிலும் இருக்கிற ஒரு நொதி பட்டதும் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது, அவ்வளவுதான். பொங்கினால் கிருமி சாகிறது என்று அர்த்தமில்லை. நல்ல சதையில் ஊற்றினாலும் பொங்கும். 1985இல் வந்த இரண்டு ஆய்வுகள் இந்தப் பாட்டில்களை எல்லாம் சோதனைக்கூடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டன. ஒன்று, முயல் காதில் வளர்கிற புதுச்சதையில் குளோரின் கரைசலை விட்டால் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் நிற்பதைக் கண்டது. இன்னொன்று, 3 சதவீத பெராக்சைடும், 1 சதவீத போவிடோன் அயோடினும், அரை சதவீதக் குளோரின் கரைசலும் புண்ணை மூடுகிற மனிதச் செல்களையே கொல்வதைக் கண்டது. அயோடினை ஆயிரம் மடங்கு நீர்த்தபோது கிருமி செத்தது, செல் பிழைத்தது.

இதை வைத்துக்கொண்டு கிருமிநாசினியே விஷம் என்று கிளம்புகிற இயற்கை வைத்தியப் பிரசங்கிகளோடு எனக்குச் சம்மதமில்லை. கண்ணாடித் தட்டு வேறு, மனுசன் கால் வேறு. நாளக்கோளாறில் கணுக்கால் பக்கம் வருகிற நாள்பட்ட புண்ணில், அயோடினை மெதுவாக விடுகிற ஒருவகைக் களிம்புக்குப் பலன் இருப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. சீழ் பரவுகிற புண்ணுக்கு மருந்து வேண்டும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான். 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் நாள்பட்ட புண்களில் 60 சதவீதத்திலும் புதுப்புண்களில் 6 சதவீதத்திலும் கிருமிகள் கூட்டமாக ஒரு வழவழப்புப் படலம் கட்டிக்கொண்டு குடியிருந்தன. அந்தப் படலத்தை மேலேயிருந்து ஊற்றுகிற மருந்து சுலபமாகத் துளைக்காது. சுரண்டி எடுக்க வேண்டும், திரும்ப வளரும், திரும்பச் சுரண்ட வேண்டும். சுரண்டின கையோடு மருந்து போட்டால் மருந்துக்கு வேலை உண்டு. ஃபிளெமிங்கின் கண்ணாடி முள்ளுக்கும் இதற்கும் தொண்ணூறு வருச தூரம். சொல்வது ஒன்றுதான். கை போகாத இடத்துக்கு மருந்தும் போகாது.

ஆறாத புண்ணின் மெய்யான பாடம் படிக்கப்பட்டது நம் மாவட்டங்களில்தான். செங்கல்பட்டு, வேலூர் தொழுநோய் மருத்துவமனைகளில்.

1898இல் வெள்ளைக்காரன் ஒரு தொழுநோயாளர் சட்டம் போட்டான். எல்லா நோயாளியையும் அடைக்கிற சட்டம் அல்ல அது. பிச்சை எடுக்கிற, ஆதரவற்ற நோயாளியைப் பிடித்து அடைக்கிற சட்டம். பணக்காரனின் புண்ணை அது தொடவில்லை. சுதந்திரம் வந்து அறுபத்தெட்டு வருசம் கழித்து, 2016இல்தான் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். தொழுநோய் வந்தவனின் சதையே ஒரு மாதிரி கெட்ட சதை, அது தானாக அழுகி உதிரும், ஆறாது என்பது அன்றைய நம்பிக்கை. மருத்துவர்களும் அதைத்தான் நம்பினார்கள். பிறவியிலேயே கெட்ட உடம்பு என்று ஒன்று உண்டு என்பதை நம்ப நம் நாட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே.

பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை. லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் 1947இல் அவரை அழைத்துக் காட்டினார். மடங்கிப்போன விரலோடு ஒரு நோயாளி அவர் கையைக் குலுக்கினான். இரும்புப் பிடி. செத்த கை என்று நினைத்த கையில் இவ்வளவு பலம் எப்படி வந்தது? அங்கிருந்து தொடங்கி அவரும் கூட இருந்தவர்களும் கண்டது இதுதான். சதை கெடவில்லை. நோய் நரம்பைத்தான் கெடுத்தது. வலி தெரியாத காலால் ஆள் முள்ளையும் கல்லையும் மிதித்துக்கொண்டே நடக்கிறான். வலி தெரியாத கையால் கொதிக்கிற சட்டியைத் தூக்குகிறான். காலையில் எழுந்தால் சில பேருக்கு விரல் நுனி இல்லை. ராத்திரி எலி கடித்துத் தின்றதும் தெரியவில்லை. வார்டுக்குப் பூனை கொடுத்தார்கள், அந்தப் புண் நின்றது. பூனை எந்த மருந்தியல் புத்தகத்திலும் இல்லாத கிருமிநாசினி.

உள்ளங்கால் புண்ணுக்கு? மாவுக்கட்டு. புண்ணைச் சுத்தம் செய்து, காலோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு, உடம்பின் பாரம் புண்ணின்மேல் விழாமல் பரவவிட்டார்கள். 1930களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. வருசக்கணக்கில் யூசாலும் அயோடினும் குடித்த புண்கள் ஆறு எட்டு வாரத்தில் மூடிக்கொண்டன. கெட்ட சதை என்றார்களே, அந்தச் சதைதான். அதற்கு ஓய்வு கொடுத்தபோது எல்லாச் சதையும் ஆறுகிற மாதிரி ஆறியது. 1960களில் பிராண்ட் அமெரிக்கா போய் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை செய்தார். இந்தக் கட்டு அங்கே சக்கரை நோய்க் காலுக்குப் போனது. இன்றைக்கு உலகம் முழுக்க சக்கரைக்காரரின் உள்ளங்கால் புண்ணுக்கு முதல்தர வைத்தியம் பாரத்தை இறக்குவதுதான். நம் ஊர்ப் பிச்சைக்காரர்கள் காலில் கற்ற பாடம் அது. எங்க பெரியப்பா காலுக்கு மட்டும் அது திரும்பி வரவில்லை.

மூடின புண் மறுபடி திறக்காமல் இருக்கச் செருப்பு வேண்டும். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் செருப்புப் பட்டறை வைத்து இதற்காகவே பாடுபட்டார்கள். காலுக்கு மெத்தென்று நுண்ணறை ரப்பர், அடியில் முள் ஏறாத டயர் ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, ஆணி மேலே வந்தால் வலி தெரியாத காலுக்கு எமன். இந்தச் செருப்பைக் கால் பார்த்து அறுத்து ஒட்டித் தைத்த தொழிலாளிகள் யார்? மிஷனரியின் பேருக்குக் கிடைத்த பக்கங்கள் தைத்தவன் கைக்குக் கிடைக்கவில்லை.

இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கால் புண்ணை வராமல் தடுக்கவும் வந்ததை மூடியே வைக்கவும் உலகம் கண்ட சிறந்த மருந்து செருப்பு. ஊர்த்தெருவில் நம்மைக் காலில் போடவிடாமல் கையில் தூக்கவைத்ததும் அதே செருப்பு. தைக்கிறவன் போடக் கூடாது. வெறுங்காலோடு நட, முள் குத்தட்டும், சீழ் வைக்கட்டும், வேலைக்கு மட்டும் நேரத்துக்கு வா. தீட்டு என்பதை மனசு சம்பந்தப்பட்ட விசயமாகவே எழுதிப் பழகிவிட்டோம். அது உள்ளங்காலில் ஓட்டை போட்ட விசயமும்தான். தொழுநோயாளிக்குக் கொடுத்த ரப்பர் செருப்பையும் பலர் போட மறுத்தார்கள். பார்த்தவுடன் 'இவன் அந்த ஆளு' என்று டீக்கடையில் கிளாஸை ஒதுக்கிவைப்பான். கடைச் செருப்பு மாதிரியே தெரிகிற தினுசில் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. 2005 முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்தாயிற்று என்று நம் அரசு கணக்குச் சொன்னது. கிருமி போனாலும் முழுசாகச் செத்த நரம்பு திரும்பாது. அந்தக் கால்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. தொழுநோய் காலனிகளில் சில பேர் வட்டமாக உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொள்கிறார்கள். சாதாரணத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுகிறார்கள். தன் உள்ளங்கால் தனக்குத் தெரியாது என்பதால் ஒருத்தர் காலை இன்னொருத்தர் தூக்கிப் பார்த்துச் சொல்கிறார். எங்கே சூடு, எங்கே சிவப்பு, நாளைக்கு எங்கே திறக்கும் என்று. பாட்டில் பக்கத்தில் இருக்கிறது, தேவைப்பட்டால் எடுப்பார்கள்.

எட்டு வாரம் காலைக் கீழே வைக்காதே என்று எழுதிக்கொடுக்கிற சீட்டில் எட்டு வாரக் கூலியை யார் தருவது என்று எழுதியிருக்காது. மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் வருசச் சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, பூட்சும் அதில் உண்டு. எங்க காலனியில் துப்புரவு வேலைக்குப் போகிற மூன்று அக்காக்களுக்கு அந்தப் பூட்ஸ் வந்தது. மூன்றும் ஒரே அளவு, ஆம்பிளை அளவு. முன்னால் பழைய சேலைத் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். சாயங்காலம் கழற்றினால் துணி நனைந்து, குதிகாலில் தோல் உரிந்திருக்கிறது.